உரலுக்குப் போட்ட மாலை

குருவுக்கு முப்பது வயது இருக்கும். சீடர் கொம்பையாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அப்பன் வயசுள்ள ஆள் பிள்ளை வயசுள்ளவன் காலில் விழுகிறார் என்று ஊரில் சிரிப்பார்கள். கொம்பையா கோபப்பட மாட்டார். வெகுகாலம் மாட்டு வண்டி ஓட்டியவர் அவர். வழி தெரிந்தவன் சின்னவனாக இருந்தால் என்ன, கேட்டுப் போக வேண்டியதுதானே என்பார்.

அந்தக் கோடையில் ஊருக்குள் பேதி வந்தது.

காலையில் களத்துக்குப் போனவன் சாயங்காலம் பாடையில் போனான். ஊர் கூடிப் பேசி, ஆற்றுக்கு அக்கரையில் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டார்கள். நோய் கண்டவர்களைக் கொண்டுபோய் அங்கே படுக்கவைத்தார்கள். கொண்டுபோகும்போது நாலு பேர் போனார்கள். அப்புறம் எட்டிப் பார்க்க ஒருவரும் போகவில்லை. பெற்ற தாயே இக்கரையில் நின்று அழுதாளே தவிர, தண்ணீரில் கால் வைக்கவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தன.

இக்கரையில் இருந்தது மடம். மடத்தில் நாலு பேர். குரு தவசியாண்டி, கொம்பையா, எதற்கும் முதலில் பேசுகிற உலகநாதன், கடைசிவரை பேசாத இருளப்பன்.

"அக்கரைக்குக் கஞ்சி கொண்டுபோகணும். ஒருத்தர் போனாப் போதும். நாலு பேரும் போயி நாலு பேரும் விழ வேண்டாம்" என்றார் குரு.

"யார் போறது சாமி?" என்றார் உலகநாதன்.

குரு ஒரு மண் கலயத்தை எடுத்துவந்தார். வாய் குறுகலானது, ஒரு கைதான் நுழையும். அதற்குள் நாலு குன்றிமணியைப் போட்டார். மூன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.

"தினமும் காலையில ஆளுக்கு ஒண்ணு எடுப்போம். வெள்ளை யாருக்கு வருதோ அவர் அன்னைக்குப் போவார். நானும் எடுப்பேன்."

போகிறவருக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்தார். அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது, மடத்தில் காய்ச்சிய தண்ணீரைத்தான் கொண்டுபோய்க் குடிக்க வேண்டும். திரும்பி வந்ததும் சாம்பலும் வெந்நீரும் போட்டுக் கையைக் கழுவிக் குளிக்க வேண்டும். விடியும்வரை மாட்டுக் கொட்டிலில் தனியாகப் படுக்க வேண்டும்.

"அப்படிச் செஞ்சா வராதா சாமி?"

"முன்னால ஒரு ஊர்ல பாத்தேன். அப்படிச் செஞ்சவங்கள்ல கொஞ்சம் பேர் விழுந்தாங்க. செய்யாதவங்கள்ல நெறையப் பேர் விழுந்தாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

வயதில் மூத்தவர் என்று கொம்பையாவை முதலில் எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது.

மறுநாளும் அவருக்கே வந்தது.

மூன்றாம் நாள் காலையில் வேடிக்கை பார்க்க மடத்து வாசலில் ஊரே நின்றது. அன்றைக்கும் கொம்பையாவின் உள்ளங்கையில் வெள்ளைக் குன்றிமணிதான் இருந்தது.

இங்கே அந்த ஊரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் ஆத்தா கோயிலில் பூக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் இலையில் மடித்து ஆத்தா முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். ஒரு தடவை வந்தது பேச்சு. இரண்டு தடவை வந்தது யோசனை. மூன்று தடவையும் ஒரே பூ வந்துவிட்டால் அது வாக்கு. வாக்கு வந்த பிறகு நாலாவது தடவை கேட்பது குற்றம்.

பூசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மூணு தடவை. இது ஆத்தா வாக்கு. கொம்பையாவை அவ எடுத்துட்டா. இனிமே அவரைப் பேதி தொடாது. நாளையிலேருந்து இந்தக் கலயத்துக்கு வேலை இல்ல."

"அதைத்தான் நானும் நெனச்சேன்" என்றார் உலகநாதன், வழக்கம்போல முதல் ஆளாக. இத்தனை நாளும் தூக்கிவைத்திருந்த இருளப்பனின் தோள் கொஞ்சம் இறங்கியது. யாருக்குத்தான் இறங்காது.

குரு கஞ்சிப் பானையின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

அன்றைக்கு ஆற்றைக் கடந்த கொம்பையா வேறு ஆள். முதல் இரண்டு நாளும் மடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனவர், அன்று மாப்பிள்ளை மாதிரிப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது அந்த மிடுக்கு இல்லை. முகம் வெளிறிக் கிடந்தது. கரையில் கூட்டம் காத்திருந்தது. எட்ட நின்றபடியே ஓர் அரளி மாலையை அவர் கழுத்தில் விழும்படி வீசினார்கள். கும்பிட்டார்கள். கூட்டத்திலிருந்து வெள்ளையம்மா ஓடி வந்தாள். அவளுடைய மூத்த மகன் நான்கு நாளைக்கு முன் அக்கரையில்தான் செத்தான். இடுப்பில் இளையது இருந்தது, பல் முளைக்காத பெண் குழந்தை.

"அண்ணே, ஒங்க கையால இவ தலையத் தொடுங்க. இவ ஒருத்திதான் மிச்சம். நீங்க தொட்டா இவளுக்கு வராது."

கொம்பையாவின் கை பாதி தூரம் போய்விட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ, இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில வாம்மா."

"எல்லாரும் வாரோம்ணே. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு எல்லாரும் வாரோம்."

கொம்பையா ஏறக்குறைய ஓடித்தான் மடத்துக்குள் வந்தார். மாலையைக் கழற்றி வேலிக் கம்பில் மாட்டினார். கழுவினார், குளித்தார். கொட்டில் வாசலில் வந்து நின்றார். பொழுது இன்னும் சாயவில்லை. முற்றத்தில் குரு மட்டும் இருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பெரியவரே."

"ஆத்தா என்னை எடுத்தாளா, இல்லையா?"

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் கேக்குறீங்க?"

"அங்க ஒரு ஆளு கெடந்தான் சாமி. ஆத்தா வாக்கு அக்கரைக்கும் எட்டிடுச்சு போல. என் கையப் புடிச்சுக்கிட்டான். நெஞ்சுல வைங்கன்னான். வச்சேன். வச்ச கைக்குக் கீழயே போயிட்டான்." கொம்பையா தன் கையைப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு ஊருப் பிள்ளைகளையெல்லாம் தூக்கிட்டு வாராங்க. ஆத்தா எடுத்த கைன்னா தொடலாம். இல்லேன்னா..."

குரு அந்தக் கையையே பார்த்தார்.

"கையைக் கழுவினீங்களா?"

"கழுவினேன்."

"இன்னொரு தரம் கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தபோது குரு கலயத்தை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்குப் பாடுதான் முடிஞ்சுதே சாமி."

"இது அது இல்ல. சும்மா வெளையாட்டு." குரு முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். "நாளைக்கு நாம யாரும் அக்கரைக்குப் போக வேண்டாம். அந்த வேப்பமரம் போகட்டும். இல்ல, பசு போகட்டும். இல்ல, அந்த உரல். இல்ல, பூனை. நாலு ஆச்சா? அவங்களுக்குக் கை இல்ல. நீங்களே எடுங்க."

கொம்பையாவுக்கு எரிச்சலாக வந்தது. உயிர் போகிற காரியத்தில் இது என்ன கூத்து. ஆனாலும் குரு சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை. உட்கார்ந்தார்.

வேப்பமரத்துக்கு ஒன்று எடுத்தார், சிவப்பு. பசுவுக்குச் சிவப்பு. உரலுக்கு வெள்ளை.

"உரல் போகும்" என்றார் குரு. மணலில் உரலுக்கு ஒரு கோடு போட்டார். மணிகளைத் திரும்பப் போட்டுக் குலுக்கினார்.

அடுத்தது பூனை. அப்புறம் பசு, மறுபடியும் பசு. கொம்பையா பசுவைத் திரும்பிப் பார்த்தார். அது அசைபோட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் வேப்பமரம், பூனை, வேப்பமரம். வெகு நேரம் இப்படியே போனது. மணலில் கோடுகள் நீண்டன. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கோடு இருந்ததைக் கொம்பையா கவனித்தார்.

பிறகு உரலுக்கு வந்தது. அடுத்ததும் உரலுக்கு.

கொம்பையாவின் விரல் கலயத்துக்கு மேலே நின்றுவிட்டது.

"சாமி, குலுக்குனது நீங்க. ஏதும் செஞ்சீங்களா?"

"இந்தாங்க, நீங்களே குலுக்குங்க."

கொம்பையா கலயத்தை வாங்கி நன்றாகக் குலுக்கினார். வேப்பமரத்துக்குச் சிவப்பு. பசுவுக்குச் சிவப்பு. உரலுக்கு எடுத்துக் கையைத் திறந்தார். வெள்ளை.

குரு எழுந்தார். வேலிப் பக்கம் போய், அங்கே தொங்கிய அரளி மாலையை ஒரு குச்சியால் தூக்கி வந்தார். உரலின் மேல் போட்டார். பிறகு மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தாயே, மூணு தடவை. ஆத்தா உன்னை எடுத்துட்டா. இனிமே உனக்குப் பேதி வராது."

கொம்பையா சிரித்துவிட்டார். ஊரில் சாவு விழ ஆரம்பித்ததிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாய்விட்டுச் சிரித்தவர், பாதியில் நின்றார். உரலைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"உரலை யாரும் எடுக்கலையே சாமி."

"எடுக்கல."

"அப்ப என்னையும்..."

குரு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கொம்பையாவுக்குக் குளிர்ந்தது. ஆத்தா துணை என்று நினைத்தபோது இல்லாத பயம், யாரும் துணையில்லை என்று தெரிந்ததும் மொத்தமாக வந்து உட்கார்ந்துகொண்டது. குருவின் மேல் கோபம்கூட வந்தது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று இருந்தது.

"ஆனா மூணு தடவை சாமி. லேசுல நடக்குற காரியமா?"

"மொத நாளு நாலு பேர்ல யாரோ ஒருத்தருக்கு வந்துதான் ஆகணும். அதுல ஒண்ணும் அதிசயம் இல்ல. ரெண்டாம் நாளும் அதே ஆளுக்கு வரணும்னா?"

கொம்பையா யோசித்தார். "நாலுல ஒரு பங்கு."

"மூணாம் நாளும்?"

"அந்த ஒரு பங்குல, நாலுல ஒரு பங்கு." விரல் விட்டு எண்ணினார். "பதினாறுல ஒண்ணு."

"பதினாறு ஊர்ல பேதி வந்து, பதினாறு மடத்துல இதே மாதிரி கலயம் வச்சா, ஒரு ஊர்ல ஒரு கொம்பையா இருப்பார்."

"அந்த ஊர்லயும் ஒரு பூசாரி இருப்பாரு சாமி."

"இருப்பாரு. காக்கா உக்காரப் பனம்பழம் விழுறத, காக்கா பாக்குறதுக்கு முன்னால அவர் பாத்துருவாரு."

கொம்பையாவுக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. ஆனால் வேறொரு நம்பிக்கை முளைத்தது. பயந்தவன் மனசு அப்படித்தான், ஒரு கிளை ஒடிந்தால் அடுத்த கிளையைப் பிடிக்கும்.

"அப்படின்னா நாளைக்கு எனக்கு வராது சாமி. எனக்கு மூணு வந்தாச்சு. மத்தவங்களுக்குத்தானே பாக்கி."

குரு கலயத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உரலுக்கும் மூணு வந்தாச்சு. எடுங்க."

எடுத்தார். வெள்ளை பூனைக்கு வந்தது.

"பாத்தீங்களா சாமி, உரலுக்கு வரல."

"உரலுக்கு நாலுல மூணு தரம் வராதுதான். மொதத் தடவைக்கு முன்னாலயும் அப்படித்தான் இருந்துச்சு. மூணு வந்ததுனால அது கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. நாம எண்ணுறோம். குன்றிமணி எண்ணுமா?"

கொம்பையா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அதையும் கேட்டார்.

"மூணு நாளு போயிட்டு நல்லாத்தானே வந்திருக்கேன். அதுக்குமா ஒண்ணும் இல்ல?"

குரு உள்ளே போய் இன்னொரு கலயத்தைக் கொண்டுவந்தார். அது துணியால் மூடியிருந்தது. குலுக்கியபோது நிறைய மணிகள் உருளும் சத்தம் கேட்டது.

"மூணு எடுங்க. பாக்காம எடுங்க."

எடுத்தார். மூன்றும் சிவப்பு.

"உள்ள எத்தனை வெள்ளை இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும் சாமி?"

"இருளப்பன் போட்டு மூடிக் குடுத்தார். எனக்கும் தெரியாது. இதை அக்கரைக் கொட்டகைன்னு நெனச்சுக்கோங்க, வெள்ளை வந்தா நோய். மூணு சிவப்பு வந்துச்சு. வெள்ளையே இல்லேன்னு சொல்லுவீங்களா?"

கொம்பையா மூன்று சிவப்பையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"இருக்கலாம்" என்றார்.

"காய்ச்சுன தண்ணியக் குடிச்சா, உள்ளேருந்து கொஞ்சம் வெள்ளையப் பொறுக்கி வெளிய போட்ட மாதிரி. சாம்பல் போட்டுக் கழுவுனா இன்னும் கொஞ்சம். எல்லாத்தையும் பொறுக்க நம்மால ஆகாது."

அதைக் கேட்டதும் கொம்பையாவின் முகம் மாறியது. கை தானாக வயிற்றுக்குப் போனது.

"சாமி."

"சொல்லுங்க."

"இன்னைக்கு நான் தண்ணி கொண்டுபோகல. ஆத்தா எடுத்த ஆளுக்கு எதுக்குன்னு வச்சிட்டுப் போயிட்டேன். தாகமா இருந்துச்சு. அங்க இருந்த பானையில ஒரு செரட்டை மோந்து குடிச்சிட்டேன்."

குருவின் முகத்தில் இரத்தம் வற்றியதைக் கொம்பையா பார்த்தார். இத்தனை காலத்தில் அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க சாமி."

குரு சொல்லவில்லை. மூடிய கலயத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"நாளைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவராங்கன்னு சொன்னீங்க. தொடலாமான்னு கேட்டீங்க. இந்தக் கலயத்தை அந்தப் பிள்ளை கையில குடுத்து எடுக்கச் சொல்லுவீங்களா?"

கொம்பையா கலயத்தை மடியிலிருந்து இறக்கி, தேளை இறக்குவது போலத் தள்ளி வைத்தார்.

அன்றிரவு குரு தன் பாயைக் கொட்டில் வாசலுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். தண்ணீர் காய்ச்சி உப்புப் போட்டுப் பக்கத்தில் வைத்தார். கொம்பையாவின் வயிறு ஒரு தடவை இரைந்தது. இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்தார்கள். பசிதான். கொம்பையா சாப்பிட்டிருக்கவில்லை.

விடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் சரி. குடித்த பிறகு பேதி வர ஓரிரு நாளெடுக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வெயில் ஏறுவதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் வெள்ளையம்மா. பூசாரி திருநீற்றுத் தட்டோடு வந்திருந்தார்.

குரு கலயத்தைக் கொண்டுவந்து நடு முற்றத்தில் வைத்தார்.

பூசாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "வாக்கு வந்த பெறகு கேக்கக் கூடாது சாமி. ஊருக்கு ஆகாது."

கொம்பையாதான் பதில் சொன்னார். "நான் கேக்கச் சொன்னேன். நாலு பேரும் எடுப்போம். ஆனா இன்னைக்கு நான் கடைசியா எடுக்குறேன்."

குரு அவரைப் பார்த்தார். "எப்ப எடுத்தாலும் ஒண்ணுதான் பெரியவரே."

"தெரியும் சாமி. இருந்தாலும் கடைசியா எடுக்குறேன்."

தெரிவது வேறு, பயம் வேறு. குரு தலையசைத்தார்.

உலகநாதன் முன்னால் வந்தார். அன்றைக்கு அவருக்குப் பேச்சே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். சிவப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இருளப்பன் எடுத்தார். சிவப்பு.

கலயத்தில் இரண்டு மணிகள் இருந்தன. இரண்டு பேர் இருந்தார்கள். குரு கையை உள்ளே விட்டார். அந்த விரல்கள் கலயத்தின் வாயில் பட்டுத் தடதடத்ததைக் கொம்பையா கேட்டார். குருவுக்கு வெள்ளை வர வேண்டும் என்று அவர் மனசு ஒரு நொடி வேண்டியது. உடனே வரக் கூடாது என்று வேண்டியது. எது முந்தியது என்று அவருக்கே தெரியாது.

குரு கையைத் திறந்தார். சிவப்பு.

கொம்பையா கலயத்துக்குள் கையே விடவில்லை. விட வேண்டிய அவசியம் இல்லை.

கூட்டம் அப்படியே மண்ணில் விழுந்தது. நாலாவது தடவை. கடைசியாக நின்றும் அவருக்கே. பூசாரி அழுதுவிட்டார். அது நடிப்பு இல்லை, அவரும் அந்த வாரம் தம்பியைப் புதைத்தவர். வெள்ளையம்மா எழுந்து ஓடி வந்தாள். குழந்தையை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"தொடுங்கண்ணே."

கொம்பையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தள்ளிப் போம்மா. இது நோய்க்காரங்களத் தொட்ட கை."

"ஆத்தா எடுத்த கைண்ணே."

"என்னை யாரும் எடுக்கலம்மா."

அடக்கத்தில் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். இன்னும் ஓரடி வைத்தாள். குழந்தை சிரித்துக்கொண்டு அவர் தாடியைப் பிடிக்கக் கையை நீட்டியது.

கொம்பையா பின்னால் நகர்ந்தார். முதுகு சுவரில் இடித்தது. இனி நகர இடமில்லை. அவர் கைகளை முன்னால் கொண்டுவந்து, அவள் கண்ணுக்கு நேராக விரித்துக் காட்டினார். பத்து விரலும் காய்ச்சல்காரனுக்கு ஆடுவது போல ஆடிக்கொண்டிருந்தன.

"நல்லாப் பாரு. பயத்துல நடுங்குது. நேத்து அங்க தண்ணி குடிச்சிட்டேன். ராத்திரி பூரா வயித்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னைக்கோ நாளைக்கோ நானே அங்க போயிப் படுத்தாலும் படுப்பேன். ஆத்தா எடுத்தவன் இப்படியா இருப்பான்? பிள்ளையத் தூக்கிட்டுப் போ. வீட்டுல தண்ணியக் காய்ச்சிக் குடு."

வெள்ளையம்மா அந்த விரல்களைப் பார்த்தாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். சட்டென்று குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் போனாள். போகப்போக வேகமாகப் போனாள்.

கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. "பயந்தாங்கொள்ளி" என்று யாரோ சொன்னார்கள். "வாக்கைக் கெடுத்துட்டான் பாவி" என்றார் பூசாரி. நேற்றுக் கும்பிட்ட ஊர், ஒரு நாழிகையில் காறித் துப்பிவிட்டுப் போனது. ஆனால் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டன. ஒன்றையும் அவர் தொடவில்லை.

முற்றம் காலியானது. இருளப்பன் கஞ்சிப் பானையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொம்பையாவின் முகத்தைப் பார்க்காமல் போனார்.

கொம்பையா பானையைத் தூக்கினார். கைப்பிடிக் கயிறு விரலில் நிற்கவில்லை. திரும்பக் கீழே வைத்தார்.

"சாமி, நாலாவது தடவையும் எனக்கே."

"ஆமா."

"இப்பவும் ஆத்தா இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"அப்ப யாரு சாமி எனக்குத் துணை? கை நடுக்கம் நிக்கவே மாட்டேங்குது."

குரு குனிந்து பானையின் கயிற்றை எடுத்து, அந்த நடுங்குகிற விரல்களில் தன் கையாலேயே சுற்றிவிட்டார்.

"நிக்க வேண்டாம். அது இருக்கிற வரைக்கும் அங்க தண்ணியத் தொட மாட்டீங்க. போயிட்டு வாங்க."